ரத்தத்தில் இருக்கும் பெயர் ஏட்டில் இருக்க வேண்டாமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் கொல்லிமலை. அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, விதைக்குச் சாமை கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கிடைக்கும்" என்று அந்தத் தாய் சொல்லிவிட மாட்டாள். "எந்தச் சாமை?" என்று திருப்பிக் கேட்பாள். வெள்ளைப் பெருஞ்சாமையா, திருகுலசாமையா, கட்டவெட்டிச் சாமையா, மல்லியசாமையா? பட்டணத்துக்காரன் கண்ணுக்கு எல்லாம் ஒரே தானியம்தான். பாடுபட்டு விதைப்பவளுக்கு ஒவ்வொன்றும் வேறு. ஒன்று சீக்கிரம் அறுப்புக்கு வரும், இன்னொன்று காலம் எடுக்கும். பெயர் தவறினால் விதை தவறும். விதை தவறினால் வருஷம் முழுதும் வயிறு காயும்.

மலையிலிருந்து இறங்கிப் பஞ்சாலைக்கு வாருங்கள். அங்கே "நூல் கொடு" என்று யாராவது கேட்கிறார்களா? 40-ம் நம்பர், 60-ம் நம்பர், 80-ம் நம்பர் என்றுதான் பேச்சு. 840 கெஜம் ஒரு சிட்டம், அப்படி 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 40-ம் நம்பர் நூல். கோயமுத்தூரில் நூற்றாலும் சரி, ராஜபாளையத்தில் நூற்றாலும் சரி, மான்செஸ்டரில் நூற்றாலும் சரி, கணக்கு ஒன்றே. ஒவ்வொரு மில்லும் தன் இஷ்டத்துக்கு நம்பர் வைத்துக் கொண்டால் தறியில் பாவு நிற்குமா?

சாமைக்கும் நூலுக்கும் உள்ள இந்த நியாயம் மனித ரத்தத்துக்கும் உண்டு. இதை டாக்டர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளின் உயிர் சமாசாரம் இது.

உடம்பின் அடையாளச் சீட்டு

ரத்தத்தில் ஏ, பி, ஓ என்று வகை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அது சிவப்பணுவின் கணக்கு. வெள்ளையணுக்களின் மேலும், உடம்பின் மற்ற பெரும்பாலான அணுக்களின் மேலும் வேறொரு அடையாளம் இருக்கிறது. மில் கேட்டில் காவல்காரர் சீட்டைப் பார்த்து, "இவர் நம் ஆள், இவர் வெளி ஆள்" என்று பிரிக்கிறார் அல்லவா? உடம்பின் காவற்படையும் இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தன் அணு எது, புகுந்துவிட்ட கிருமி எது என்று பிரித்து அறிகிறது. இந்த அடையாளத்தை உண்டாக்கும் மரபணுக்கள் நமது ஆறாவது குரோமசோமில் இருக்கின்றன. பாதி தகப்பன் வழி, பாதி தாய் வழி. இவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் எச்.எல்.ஏ.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகை - இவற்றில் அகப்பட்ட குழந்தைக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-லேயே இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் கொடுப்பவரின் எச்.எல்.ஏ. அடையாளம் பெறுபவருக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் உடம்பு அந்த மஜ்ஜையை ஏற்காது, அல்லது வந்த மஜ்ஜையே உடம்பைத் தாக்கும். கூடப் பிறந்தவர் ஒருவர் முழுதும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். மற்ற மூன்றுக்கும் எங்கே போவது? முன்பின் தெரியாத யாரோ ஒருவரைத் தேட வேண்டும். தேடுவதற்கு ஏடு வேண்டும். ஏட்டை எங்கிருந்தும் படிக்க வேண்டுமானால், எல்லா ஊருக்கும் பொதுவான பெயர் வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்பது பெயர் இருந்த காலம்

1958-ல் பாரிஸ் நகரத்தில் ழான் தோசே என்ற டாக்டர், வெள்ளையணுவில் முதல் அடையாளத்தைக் கண்டார். அதற்கு 'மாக்' என்று பெயர் வைத்தார். அது எந்தப் பிரபுவின் பெயரும் அல்ல. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்த மூன்று பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஹாலந்தில் வான் ரூட், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் என்ற அம்மையார் ஆகியோரும் அதே காலத்தில் இதே வழியில் சென்றனர். அவர்களுக்குத் துணை நின்றது எது? பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களின் ரத்தம். வயிற்றில் வளரும் பிள்ளை தகப்பனின் பாதி அடையாளத்தையும் சுமக்கிறது. அதை எதிர்த்துத் தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளே அடையாளங்களைப் பிரித்துக் காட்டிற்று. பெயரில்லாத அந்தத் தாய்மார்கள் இல்லாமல் இந்த விஞ்ஞானம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு ஆராய்ச்சிக்கூடமும் தன் வழக்கப்படி பெயர் வைத்தது. பாரிஸில் 'மாக்' என்றது கலிபோர்னியாவில் 'எல்.ஏ.2'. ஹாலந்தில் இன்னொரு கணக்கு. 1964-ல் அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் பல கூடத்து விஞ்ஞானிகள் ஒன்றுகூடி ஒரே ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் முடிவு மற்றவர் முடிவோடு ஒத்து வரவில்லை! அப்போதுதான் உண்மை உறைத்தது. தனித்தனிக் கடை நடத்தினால் இந்த விஞ்ஞானம் நகராது. தங்களுக்குள் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டார்கள், முறையைப் பொதுவாக்கினார்கள். 1968-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் பெயர் வைக்கும் கமிட்டி ஒன்று அமைந்தது. மாக்கும் எல்.ஏ.2-ம் ஒன்றே என்று தெளிந்து, ஒரே பெயர் நிலைத்தது. இன்று அது 'ஏ2'. தோசேக்கு 1980-ல் வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

தொழிலாளிக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஒற்றுமையாக நின்றால்தான் காரியம் நடக்கும் என்பது நாம் என்றோ கற்ற பாடம். விஞ்ஞானிகளும் அதையே கற்றார்கள்.

கதவு எண் போல ஒரு பெயர்

அந்தப் பெயர்கள் இன்று எப்படி எழுதப்படுகின்றன? எச்.எல்.ஏ-ஏ*24:02:01:02எல் என்று ஒரு பெயர். பார்த்தால் மிரட்டுகிறது. பிரித்தால் தபால் விலாசம் போலத்தான். 'ஏ' என்பது மரபணு. 24 என்பது ரகக் கூட்டம். அடுத்த 02 என்பது அந்தக் கூட்டத்தில் இன்ன புரதம். அதற்கடுத்த இரண்டு எண்களும் புரதத்தை மாற்றாத நுண்ணிய வேறுபாடுகள். கடைசி எழுத்து, அந்த அடையாளம் அணுவின் மேல் எப்படித் தோன்றுகிறது என்பதைச் சொல்கிறது. 'எல்' என்றால் குறைவாகத் தோன்றும். 'என்' என்றால் தோன்றவே தோன்றாது. இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் பொருத்தம் என்று நினைத்தது பொருத்தம் ஆகாமல் போகும்.

முதலில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு இலக்கம் போதும் என்று எண்ணினார்கள். ஏ*02 கூட்டமும் பி*15 கூட்டமும் நூறைத் தாண்டிவிட்டன. தெருவில் கதவு எண் தீர்ந்துபோன கதை! கொஞ்ச காலம் 92 என்றும் 95 என்றும் பக்கத்தில் புதுத் தெரு போட்டுச் சமாளித்தார்கள். 2010-ல் கமிட்டி முக்காற்புள்ளி வைத்து எண்களைப் பிரித்தது, இனி எத்தனை வந்தாலும் இடமுண்டு. இன்று ஏட்டில் உள்ள ரகங்கள் 40 ஆயிரத்துக்கும் மேல்.

இந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். அதைப் பராமரிப்பது லண்டனில் உள்ள ஆன்டனி நோலன் ஆராய்ச்சி நிலையம். யார் இந்த ஆன்டனி நோலன்? பிரபு அல்ல, விஞ்ஞானியும் அல்ல. பிறக்கும்போதே நோய் எதிர்ப்புக் கோளாறோடு பிறந்த ஒரு சிறுவன். அவனுக்குப் பொருத்தமான மஜ்ஜை தேடி அவன் தாய் ஷெர்லி 1974-ல் தொடங்கியதுதான் உலகின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு. பொருத்தம் கிடைக்காமலே அவன் 1979-ல் இறந்தான். தன் மகன் போன பிறகும் ஊரார் பிள்ளைகளுக்காக அந்தத் தாயின் ஏடு நிலைத்தது.

எண் பிசகினால் என்ன கெடும்?

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மலிவான மாத்திரை கார்பமாசெபின். பி*15:02 என்ற ரகம் உள்ள சிலருக்கு அந்த மாத்திரை தோலெல்லாம் கொப்பளித்து உரிந்து உயிருக்கே ஆபத்தைத் தரக்கூடும். தைவானில் 2004-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நோயாளிகளிடமும் இந்தத் தொடர்பு காணப்பட்டது என்று 2009-ல் ஒரு சிறு ஆய்வு சொல்லிற்று. பக்கத்து எண்ணான பி*15:01-க்கு இந்தக் குற்றம் கிடையாது. ஓர் எண் வித்தியாசம், ஒரு மனிதனின் தோல் போகிறது!

இன்னொன்று. பழைய சோதனையில் பாரிஸ்காரருக்கும் 'ஏ2', நம் ஊர்க்காரருக்கும் 'ஏ2' என்றே வரும். நுணுகிப் பார்த்தபோது ஐரோப்பியரிடம் மிகுதியாக இருப்பது ஏ*02:01, இந்தியரிடம் அடிக்கடி காணப்படுவது ஏ*02:11 என்று தெரிந்தது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் என். கே. மெஹ்ரா குழுவினர் இதை எடுத்துக் காட்டினார்கள். 2022-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரு கண் புற்றுநோய் மருந்து ஏ*02:01 உள்ளவருக்கு மட்டுமே கொடுக்கத் தக்கது. எந்த ரகத்தை அதிகம் ஆராய்ந்தார்களோ அந்த ரகத்துக்கே மருந்து பிறக்கிறது. ஆராயப்படாதவன் பந்தியில் கடைசி.

ஏட்டில் இல்லாதவர் யார்?

பெயர் பொதுவாகிவிட்டது. ஆனால் ஏட்டில் ஏறியவர் யார்? உலகக் கொடையாளர் பதிவேடுகளில் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி பணக்கார நாட்டினர். அமெரிக்காவிலேயே 2014-ல் வெளியான கணக்கு இது: ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 75. அதே நாட்டுக் கறுப்பு மக்களுக்கு 20-க்கும் கீழே. ரத்தத்தின் நிறம் ஒன்று, ஏட்டின் நிறம் வேறு!

140 கோடி ஜனங்கள் உள்ள நம் நாட்டில் பதிவு செய்தவர் சில லட்சம் பேர்தான். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேடு போன்றவை பாராட்டத்தக்க வேலை செய்கின்றன. ஆனால் முகாம்கள் பெரும்பாலும் எங்கே நடக்கின்றன? கல்லூரிகளிலும் கம்பெனி அலுவலகங்களிலும். கொல்லிமலைக் குடிசை எங்கே, முகாம் எங்கே?

பொருத்தமான கொடையாளர் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணமுடித்து வந்த மக்களிடையேதான் கிடைக்கிறார். அப்படியானால் மலையில் ஒரு பிள்ளைக்கு மஜ்ஜை வேண்டுமென்றால் அதே மலைச் சனம்தான் ஏட்டில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லை என்றால் லண்டனில் ஏடு திறந்து கிடந்து என்ன பயன்? இப்போது தாய் தகப்பனின் பாதிப் பொருத்தத்தை வைத்தும் சிகிச்சை செய்கிறார்கள். நல்லதுதான். அதைக் காட்டி ஏழையின் பெயரை ஏட்டில் ஏற்றாமல் விடுவது நியாயமாகாது.

பெயர் ஏட்டில் ஏறாவிட்டால் என்ன கதி என்பதைக் கற்க நாம் பாரிஸ் போக வேண்டாம். கொல்லிமலை ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர் என்று பொருள் அல்ல, மலைவாசிகள் என்பதே பொருள். பழங்குடிப் பட்டியலில் இந்தப் பெயர் சேலம், தர்மபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களைக் குறிப்பிட்டு எழுதப்பட்டது. பழைய கோயமுத்தூர் மாவட்டம் அதில் இல்லை. விளைவு? கோயமுத்தூரிலிருந்து 1979-ல் பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் மலையாளிகள் சாதிச் சான்றிதழுக்காகப் பல பத்தாண்டுகள் போராட நேர்ந்தது. அதே ஜனங்கள், அதே பெயர். ஏட்டில் ஒரு சொல் விட்டுப் போனதால் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் தடைப்பட்டன. சர்க்கார் ஏட்டில் நடந்தது ஆஸ்பத்திரி ஏட்டிலும் நடக்க விடலாமா?

மரபணுவின் மேல் பழி போடாதீர்!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடைய மாணவர்களும் தென்னாட்டுக் காசநோயாளிகளின் எச்.எல்.ஏ. அடையாளங்களை ஆராய்ந்தார்கள். டி.ஆர்.2 என்ற அடையாளம் நுரையீரல் காசநோய் கண்டவர்களிடம் சற்று அதிகமாக இருப்பதாக 1991-ல் எழுதினார்கள். மதிக்கத்தக்க ஆராய்ச்சி. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் காசம் வந்தது உன் பிறவிக் கோளாறு" என்று ஒரு முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா? டி.ஆர்.2 உள்ளவரில் மிகப் பலருக்குக் காசம் வருவதே இல்லை. அது இல்லாத எத்தனையோ பேருக்கு வருகிறது.

காசத்தை வளர்ப்பது எது? பசி. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் குடியிருப்பு. காற்று நுழையாத வேலையிடம். இது வெறும் மேடைப் பேச்சு அல்ல. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துள்ள உணவு கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசம் காண்பது 39 சதவிகிதம் குறைந்ததாகக் காட்டிற்று. அரிசியும் பருப்பும் சாதித்த காரியம் இது! மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. கூலியை மாற்ற முடியும், ரேஷனை மாற்ற முடியும், வீட்டை மாற்ற முடியும். ஆகவே மரபணுவின் பெயர் வைத்தியத்துக்கு உதவட்டும், கூலி குறைப்பவனுக்குச் சாக்காக வேண்டாம்.

ரத்தம் யாருடைய சொத்து?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாப்புவா நியூ கினியா நாட்டு மலைகளில் ஹகஹாய் என்ற சிறு குடி வாழ்கிறது. அந்தக் குடியைச் சேர்ந்த ஒருவரின் ரத்த வெள்ளையணுக்களிலிருந்து வளர்த்த அணு வரிசைக்கு 1995-ல் அமெரிக்க சர்க்காரின் சுகாதார நிலையமே பேடண்ட் உரிமை வாங்கிக்கொண்டது! உலகெங்கும் கண்டனக் குரல் எழுந்தது. மறு ஆண்டிலேயே அந்த உரிமையைக் கைவிட்டார்கள். மலைவாசியின் மரத்தையும் மண்ணையும் எடுத்தவர்கள் ரத்தத்தையும் எடுத்துச் சொத்தாக்கப் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் நாட்டிலும் மலைகளில் ஊசி ஏறுகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் அணு ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதாகச் சொல்லிற்று. 10 ஆயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் விவரங்கள் 2025 ஜனவரியில் ஃபரீதாபாத் மையத்தில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்து வைக்கப்பட்டன. இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்கிறோம். ஆனால் ரத்தம் கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது? கையில் ஒரு சீட்டு மட்டும்தானா? சீட்டு நோயின் பெயரைச் சொல்லும், நோயைத் தீர்க்காது. அரிவாள் அணு நோயை அடியோடு தீர்க்கும் மஜ்ஜைச் சிகிச்சைக்கு மறுபடியும் எச்.எல்.ஏ. பொருத்தம்தானே வேண்டும்?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எச்.எல்.ஏ. சோதனை தர்ம ஆஸ்பத்திரியில் இலவசமாக நடக்க வேண்டும். மஜ்ஜைச் சிகிச்சை வேண்டிய பிள்ளையின் குடும்பம் சோதனைக்கே காட்டை அடகு வைக்கும் நிலை கூடாது.

இரண்டு: சர்க்கார் பொறுப்பில் பொதுக் கொடையாளர் பதிவேடு வேண்டும். அதன் முகாம் கல்லூரிக்கு மட்டுமல்லாமல் மில் கேட்டுக்கும், சேரிக்கும், செம்மேட்டுக்கும் வரவேண்டும். கொடை கொடுக்கப் போகும் நாட்களுக்குத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

மூன்று: ரத்தம் எடுக்கும் முன், எதற்கு எடுக்கிறார்கள் என்பதைத் தமிழில், புரியும்படி சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். முடிவை எழுத்தில் தர வேண்டும். உலகப் பொதுப் பெயரில் எழுதித் தந்தால் அந்தச் சீட்டை வேலூரிலும் படிக்கலாம், டில்லியிலும் படிக்கலாம்.

நான்கு: நம் ஜனங்களின் ரத்தத்தில் காணும் புதிய ரகம் பொது ஏட்டில் ஏற வேண்டும். எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் பூட்டப்படக் கூடாது.

ஐந்து: மரபணுவைக் காட்டி வேலை மறுக்கவோ இன்ஷூரன்ஸ் மறுக்கவோ கூடாது. அமெரிக்காவில் 2008-ல் வேலைக்கும் வைத்தியக் காப்பீட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தது. இங்கும் தெளிவான சட்டம் வேண்டும்.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. நாற்பதினாயிரம் ரகங்களுக்கு, சண்டையில்லாமல், சொந்தம் கொண்டாடாமல், உலக விஞ்ஞானிகள் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். நூறு கூடங்கள் ஒரு முடிவுக்கு வர முடிந்தது என்றால், ஒரு சர்க்கார் தன் ஜனங்களை ஏட்டில் ஏற்ற முடியாதா?

சாமையில் நாலு ரகத்தைக் கண்ணால் பார்த்தே பெயர் சொல்லும் கொல்லிமலைத் தாய்க்கு, தன் பிள்ளையின் ரத்தத்தில் ஓடும் ரகத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? விதையைக் கலக்காமல் காத்தவள் அவள். அவள் பிள்ளையின் பெயர் ஏட்டில் விட்டுப்போகாமல் காப்பது நம் கடமை. மலையிலும் மில்லிலும் உள்ள தோழர்களே, அடுத்த முறை ஊசியோடு வருபவரிடம் கையை நீட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்கு எடுக்கிறீர்கள்? எந்த ஏட்டில் எழுதுகிறீர்கள்? எங்களுக்கு என்ன திரும்பி வரும்? பதில் வாங்கிக்கொண்டு கையை நீட்டுங்கள்!